மைதானம் மறுத்ததைப் போர்க்களம் தந்தது!

சனிக்கிழமை மாலை வேளைகளில் நம் தோட்டத்துத் திடல்களைப் பார்த்திருப்பீர்கள். இரவுச் சந்தையில் வாங்கிய இங்கிலாந்துக் குழுக்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு பையன்கள் புழுதி பறக்கப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் மான்செஸ்டர், ஒருவன் லிவர்பூல், இன்னொருவன் டோட்டன்ஹாம். முதுகில் இருப்பது யார் பெயர் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அந்த ஆட்டக்காரரின் வாரச் சம்பளம்கூட அவர்களுக்குத் தெரியும். அதே டோட்டன்ஹாம் சட்டையை 1909-ஆம் ஆண்டில் போட்டுக்கொண்டு ஆடிய ஒரு கறுப்பு இளைஞரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பிறந்த நாடே அவரை எண்பது ஆண்டுகள் மறந்துதான் இருந்தது.

அவர் பெயர் வால்டர் டல். பெயரைக் கேட்டு மந்தமான மனிதரோ என்று நினைத்துவிடாதீர்கள்! ஆங்கிலத்தில் அது வெறும் குடும்பப் பெயர்தான். நாம் அவரை வால்டர் என்றே அழைப்போம்.

கரும்புத் தீவிலிருந்து...

வால்டரின் தந்தை டேனியல், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸில் பிறந்தவர். தச்சுத் தொழிலாளி. டேனியலின் தந்தையோ அடிமையாக இருந்தவர். பார்படோஸ் அந்நாளில் முழுக்க முழுக்கக் கரும்புத் தீவு.

பினாங்கு வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இன்று செபராங் பிறை என்று நாம் அழைக்கும் கரையில், நிபோங் திபால், பத்து காவான் பக்கங்களில் நம்மவர் முதன்முதலில் வந்து வேலைக்கு இறங்கியது எதற்காக? கரும்புக்காக! பால் மரம் வந்ததெல்லாம் பிற்பாடு. பிரிட்டிஷ் அரசு 1834-இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அடிமைகள் போனார்கள், கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்ற தேவை மட்டும் போகவில்லை. மொரிஷியஸுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். அதே கரும்புதான் நம்மவரை இந்தக் கரைக்கும் இழுத்து வந்தது. அடிமை வேறு, ஒப்பந்தக் கூலி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியல்ல என்பது என் கருத்து. ஆனாலும் வால்டரின் பாட்டனாருடைய பெயரும் நம் முன்னோரின் பெயரும் ஒரே வியாபாரத்தின் கணக்குப் புத்தகத்தில் வெவ்வேறு பக்கங்களில் எழுதப்பட்டவை என்று சொல்லலாம் அல்லவா?

டேனியல் 1876-இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஃபோக்ஸ்டன் என்ற துறைமுக ஊரை வந்தடைந்தார். ஆலிஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். 1888 ஏப்ரல் 28-ஆம் நாள் வால்டர் பிறந்தார். அவருக்கு ஏழு வயது நிறைவதற்குள், 1895-இல், தாயார் புற்றுநோயால் இறந்துபோனார். தாயாரின் உறவுப் பெண் ஒருவரையே டேனியல் மறுமணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. 1897 டிசம்பரில் இதய நோயால் டேனியலும் போய்ச் சேர்ந்தார்.

தன் வயிற்றில் பிறக்காத பிள்ளைகள் பலரையும் ஒரு கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த இளம் விதவை என்ன செய்வார்? மூத்தவன் வேலைக்குப் போகும் வயதில் இருந்தான். வால்டரையும் அவன் அண்ணன் எட்வர்டையும் லண்டன் பெத்னல் கிரீனில் இருந்த மெத்தடிஸ்டு அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அப்போது வால்டருக்கு வயது ஒன்பது. மாற்றாந்தாயைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கணவனை இழந்த சில மாதங்களில் வீட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதை லயத்து வாழ்க்கை அறிந்தவர்கள் அறிவார்கள்.

இல்லத்தில் அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். அதுவும் இரண்டே ஆண்டுகள்தான். எட்வர்டு நன்றாகப் பாடுவான். இல்லத்துப் பாடகர் குழுவோடு ஊர் ஊராகச் சென்றபோது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்னாக் என்ற குடும்பத்தாருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. 1900-இல் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். வார்னாக் ஒரு பல் வைத்தியர். எட்வர்டும் பிற்காலத்தில் படித்துப் பல் வைத்தியரானார். பிரிட்டனில் அத்தொழிலைச் செய்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். அண்ணன் போன பிறகு வால்டர் தனியாகத்தான் வளர்ந்தான். இல்லத்திலேயே அச்சுத் தொழில் கற்றான். இல்லத்துக் குழுவில் பந்தும் ஆடினான்.

நம் பெற்றோர்களில் சிலர் பந்தைப் பிள்ளையின் கையில் கண்டாலே பதறுகிறார்கள். வேறு சிலர் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பந்தையே நம்பச் சொல்கிறார்கள். வால்டர் அச்சுக் கோத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் பந்தை நம்பிப் புறப்பட்டார் என்பதை இரு சாராருக்கும் சொல்லி வைக்கிறேன்.

வாரம் நான்கு பவுன்

1908-இல் கிளாப்டன் என்ற அமெச்சூர் குழுவில் சேர்ந்தார். சம்பளமில்லாத ஆட்டம். அந்தப் பருவத்தில் கிளாப்டன் குழு, நாடு முழுவதும் உள்ள அமெச்சூர் குழுக்கள் மோதும் கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டத்தில் எதிர்க்குழுவுக்கு ஆறு கோல். கிளாப்டனுக்கு எதிராக ஒன்றுகூட இல்லை. பத்திரிகைகள் வால்டரின் பெயரை எழுதத் தொடங்கின. டோட்டன்ஹாம் கண் வைத்தது.

1909 கோடையில் டோட்டன்ஹாம் குழு தென் அமெரிக்காவுக்குப் பயணம் போனது. அர்ஜெண்டினாவிலும் உருகுவேயிலும் ஆட வால்டரையும் கப்பலில் அழைத்துச் சென்றார்கள். திரும்பி வரும்போது அவர் சம்பளக்காரர்! கையெழுத்திட்டதற்குப் பத்துப் பவுன். வாரச் சம்பளம் நான்கு பவுன். எந்த ஆட்டக்காரருக்கும் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சங்கமே உச்சவரம்பு வைத்திருந்த காலம் அது. இன்று ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களைப் பற்றிப் படிக்கும் பையன்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் ஒரு சாதாரணத் தொழிலாளி கண்ணால் காணாத பணம் அது.

டோட்டன்ஹாம் அந்த ஆண்டுதான் முதல் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. செப்டம்பரில் சண்டர்லாண்ட் குழுவை எதிர்த்து வால்டர் முதன்முதலாக இறங்கினார். அடுத்துச் சொந்தத் திடலில் மான்செஸ்டர் யுனைடெட் குழுவோடு ஆட்டம். முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அவரைத் தடுக்க முயன்று எதிராளி தவறிழைக்க, டோட்டன்ஹாமுக்குப் பெனால்டி கிடைத்தது. முன்னர் ஆர்தர் வார்ட்டன் என்ற ஆப்பிரிக்கர் இங்கிலாந்தில் கோல் காவலராக ஆடியிருக்கிறார். சம்பளத்துக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. கோல் கம்பத்தை விட்டு வெளியே வந்து, முதல் பிரிவுத் திடலில் ஓடியாடிய முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர் வால்டர்.

பிரிஸ்டல் கூச்சல்

அக்டோபரில் டோட்டன்ஹாம் குழு பிரிஸ்டல் நகரத்துக்கு ஆடப் போனது. எதிர்க்குழுவின் ஆதரவாளர் கூட்டம் ஒன்று ஆட்டம் முழுவதும் வால்டரின் நிறத்தைச் சொல்லி ஏசியது. என்ன சொன்னார்கள் என்பதை இந்தக் குடும்பப் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. நம் காதிலும் அதன் சாயலில் ஏதாவது விழாமல் இருந்திருக்காது. திடலுக்கு வந்திருந்த லண்டன் பத்திரிகை நிருபர் கொதித்துப்போய் எழுதினார். மீன் சந்தையில்கூட அப்படிப்பட்ட பேச்சைக் கேட்க முடியாது என்றார். அன்று முன்வரிசையில் ஆடியவர்களில் சிறந்தவர் வால்டர்தான் என்றும், மனத்தூய்மையிலும் ஆட்டத் தூய்மையிலும் வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்கே அவர் முன்மாதிரி என்றும் எழுதினார்.

வால்டர் கையை ஓங்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. ஆட்டத்தை ஆடி முடித்தார்.

அதன் பிறகு அவருக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? முதல் அணியில் இடம் சுருங்கியது. விரைவில் இரண்டாம் அணிக்கு இறக்கப்பட்டார். டோட்டன்ஹாமின் முதல் அணிக்காக லீக்கில் அவர் ஆடியது மொத்தம் பத்தே ஆட்டங்கள், அடித்தது இரண்டு கோல். ஆட்டத்திறன் குறைந்துவிட்டதா? அந்த நிருபரின் வரிகளைப் படித்தவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள், நானும் நம்பவில்லை. கூச்சல் போட்டவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கூச்சலைச் சுமந்தவர்தான் இரண்டு ஆண்டுகள் ஓரமாக நின்றார்.

1911 அக்டோபரில் ஹெர்பர்ட் சாப்மன் அவரை நார்தாம்டன் நகரக் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டு, ஆர்செனல் குழுக்களை வளர்த்துப் பெரும் புகழ் அடைந்த அதே சாப்மன்தான். ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் கண் அவருக்கு. முன்வரிசையில் ஆடிய வால்டரைப் பின்னர் நடுவரிசைக்கு மாற்றினார்கள். தாக்குதலும் தற்காப்பும் அவர் காலில் சந்தித்தன. பிரிஸ்டல் ரோவர்ஸ் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டார்! முன்னர் ஏசிய குழு வேறு, இது வேறு. என்றாலும் பிரிஸ்டல் என்ற பெயரைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது. நார்தாம்டனுக்காக அவர் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். ஊரார் அவரைத் தங்கள் பிள்ளையாகவே எண்ணினார்கள்.

எம்டன் வந்த ஆண்டு

1914-இல் முதலாம் உலகப் போர் மூண்டது. அந்தப் போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று பினாங்குக்காரர்கள் சொல்ல முடியாது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசி எரித்த ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் தொலைத்துக் கட்டியது. இறந்துபோன ரஷ்ய மாலுமிகளின் நினைவுக்கல் ஜார்ஜ்டவுன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பொல்லாத ஆளை ‘எம்டன்’ என்று தமிழில் சொல்லும் வழக்கமும் அப்போது பிறந்ததுதான்.

அங்கே இங்கிலாந்தில், ‘நாடு போரில் இருக்கும்போது இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தா ஆடுகிறார்கள்?’ என்று பத்திரிகைகள் காற்பந்துக்காரர்களைச் சாடின. அதன் விளைவாக 1914 டிசம்பரில் மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17-ஆம் அணி உருவானது. ஆட்டக்காரர்களையும் அவர்களுடைய ரசிகர்களையும் கொண்ட அணி ஆதலால் ‘காற்பந்து அணி’ என்றே அதற்குப் பெயர். நார்தாம்டன் ஆட்டக்காரர்களில் அதில் முதலில் சேர்ந்தவர் வால்டர்தான். விரைவில் சார்ஜண்டு நிலைக்கு உயர்ந்தார். 1915 நவம்பரில் பிரான்சுக்குக் கப்பலேறினார்.

பதுங்குகுழி வாழ்க்கையை நான் விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1916 மே மாதத்தில் வால்டரின் மனம் நிலைகுலைந்தது. ஓயாத பீரங்கி முழக்கத்தில் சிக்கியவர்களுக்கு வரும் அதிர்ச்சி நோய் அது. இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிரிஸ்டலில் வாய் திறக்காத மனிதர், அநாதை இல்லத்தில் தனியாக வளர்ந்த மனிதர் உடைந்துபோனார். இதைச் சிலர் மறைத்து எழுதுவார்கள். வீரருக்கு இழுக்கு என்று நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர் மீண்டும் பிரான்சில் இருந்தார்! அதுவும் எங்கே? லட்சக்கணக்கானோர் மடிந்தும் காயமுற்றும் போன ஸோம் போர்க்களத்தில். அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியாமல் முதல் முறை போனவர், தெரிந்துகொண்டே இரண்டாம் முறை போனார்.

கையேட்டில் இருந்த தடை

அந்த ஆண்டு இறுதியில் காய்ச்சல் கண்டு மறுபடியும் தாயகம் வந்தவரை, 1917 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் உள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இதில்தான் விந்தை இருக்கிறது. பிரிட்டிஷ் படையின் 1914-ஆம் ஆண்டு இராணுவச் சட்டக் கையேடு, நீக்ரோக்களோ வேறு நிறத்தவரோ அதிகாரியாக இருந்து ஆணையிடும் பொறுப்பை வகிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. துப்பாக்கி தூக்கலாம், சுடலாம், சாகலாம். சார்ஜண்டு வரை ஏறலாம். அதற்கு மேல் கதவு சாத்தியிருந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஏணி புதிதல்ல. அக்காலத்துத் தோட்டங்களில் தமிழர் தண்டலாகலாம், கங்காணியாகலாம், ஆங்கிலம் படித்திருந்தால் கிராணியும் ஆகலாம். துரையின் நாற்காலி மட்டும் துரைமாருக்கே. அதை எந்தக் கையேட்டிலும் எழுதி வைக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும். படையிலும் நம்மவர் நிலை அதுவே. 1914 முதல் ஆயிரக்கணக்கில் பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு, மன்னர் பெயரால் வழங்கப்படும் முழு அதிகாரிப் பதவியின் கதவு 1917 ஆகஸ்டில்தான் சிறிதளவு திறந்தது.

வால்டருக்கு அதற்கு முன்பே, 1917 மே 30-ஆம் நாள், இரண்டாம் லெப்டினன்டு பதவி வழங்கப்பட்டது. கையேட்டில் இருந்த வரி அப்படியேதான் இருந்தது! அப்படியானால் இது எப்படி நடந்தது? அதிகாரிகள் ஈசல்போல் மடிந்துகொண்டிருந்தார்கள். ஆள் தேவைப்பட்டது என்பது ஒரு காரணம். ஆனால் ஆள் பஞ்சம் மட்டும் காரணமென்றால் வேறு யாரையாவது போட்டிருக்கலாம். வால்டரோடு பதுங்குகுழியில் கிடந்த மேலதிகாரிகள் அவர் பெயரைச் சிபாரிசு செய்தார்கள். அவர்கள் அவரைக் கண்ணால் பார்த்தவர்கள். கையேட்டை எழுதியவர்கள் பார்க்காதவர்கள். பிரிட்டிஷ் காலாட்படையில் வெள்ளைக்கார வீரர்களைப் போர்முனையில் நடத்திச் சென்ற முதல் கறுப்பின அதிகாரிகளில் ஒருவர் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. பிரிஸ்டலில் அவரை ஏசிய கூட்டத்தின் பிள்ளைகளும் தம்பிகளும் இப்போது அவர் ஆணைக்குக் காத்திருக்கும் நிலை!

பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்தைச் சுற்றி நடந்த கொடும் போரில் அவர் இருந்தார். 1917 நவம்பரில் அவருடைய படை இத்தாலிக்கு மாற்றப்பட்டது. அங்கே பியாவே என்று ஓர் ஆறு. உறைபனிக்காலம், வேகமான நீரோட்டம், அக்கரையில் எதிரி. இருட்டில் இருபத்தாறு பேரை அழைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து எதிரியின் பகுதிக்குள் புகுந்தார் வால்டர். போனவர்கள் அத்தனை பேரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார். ஒருவருக்கும் ஆபத்தில்லை. படைத்தலைவர் ஜெனரல் லாஃபர்டு அவருடைய துணிவையும் நிதானத்தையும் எழுத்து மூலம் பாராட்டினார். (பழைய ஹாலிவுட் படங்கள் பார்த்த பெரியவர்களுக்குப் பீட்டர் லாஃபர்டு என்ற நடிகரை நினைவிருக்கும். அவருடைய தகப்பனார்தான் இந்த ஜெனரல்.)

பாராட்டைப் படிக்கும்போது ‘துணிவு’ என்பதைவிட ‘நிதானம்’ என்ற சொல்தான் என்னை நிறுத்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்த அதே மனிதரைப் பற்றி எழுதிய சொல் அது.

1918 மார்ச்சில் அவருடைய படை மீண்டும் பிரான்சுக்கு வந்தது. மார்ச் 21-இல் ஜெர்மானியர் தங்கள் பெருந்தாக்குதலைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் படை நாளுக்கு நாள் பின்வாங்கியது. மார்ச் 25-ஆம் நாள் ஃபாவ்ரே என்ற சிற்றூரின் அருகே, தம் ஆட்களைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டிருந்த வால்டர் மீது குண்டு பாய்ந்தது. அவருடைய ஆட்களில் ஒருவர் டாம் பில்லிங்ஹாம். போருக்கு முன் லெஸ்டர் நகரக் குழுவுக்குக் கோல் காவலராக இருந்தவர். பொழியும் குண்டுகளுக்கிடையே தம் அதிகாரியின் உடலைத் தூக்கிவர அவர் முயன்றார். எதிரி நெருங்கிவிட்டான், விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. வால்டருக்கு முப்பது வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. போர் முடிந்ததும் அண்ணன் இருந்த கிளாஸ்கோவிலேயே, ரேஞ்சர்ஸ் குழுவுக்கு ஆடுவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த அண்ணனும் தம்பியும் ஒரே ஊரில் இருந்திருப்பார்கள்.

தந்தி அண்ணனுக்குத்தான் போனது.

பின்னர் சக அதிகாரி ஒருவர் எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார். அணி முழுவதும் வால்டரை நேசித்தது என்றும், இராணுவச் சிலுவைப் பதக்கத்துக்கு அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டிருந்தது என்றும் அதில் இருந்தது. பதக்கம் வரவில்லை. நிறம்தான் காரணம் என்று பலர் வாதாடுகிறார்கள். அதிகாரிப் பதவி கொடுத்ததையே ஊரறியச் செய்ய மேலிடம் கூசியது என்கிறார்கள். 2018-இல், அவர் இறந்து நூறாண்டு ஆனபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தப் பதக்கத்தைக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். கொடுத்தால் நல்லது. ஆனால் இருபத்தாறு பேரை உயிரோடு கொண்டுவந்த இரவை விடப் பெரிய பதக்கம் ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

1990-களில் ஓர் ஆராய்ச்சியாளர் பழைய ஏடுகளைக் கிளறிய பிறகே வால்டரின் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. 1999-இல் நார்தாம்டன் குழுவின் திடலருகே நினைவிடம் எழுப்பினார்கள். திடலுக்குப் போகும் சாலைக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். 2021-இல் இங்கிலாந்துக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

உடல் கிடைக்கவே இல்லை. ஆகையால் கல்லறை கிடையாது. பிரான்சில் அர்ராஸ் நகரில் ஒரு நீண்ட நினைவுச் சுவர் இருக்கிறது. கல்லறை இல்லாத ஏறத்தாழ முப்பத்தைந்தாயிரம் பேரின் பெயர்களை அதில் படைப்பிரிவு வாரியாக, பதவி வாரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். மிடில்செக்ஸ் பிரிவில் அவர் பெயரைத் தேடுகிறவர்கள் சிப்பாய்களின் நெடும் பட்டியலுக்குப் போக வேண்டாம். சார்ஜண்டுகளின் வரிசையிலும் தேட வேண்டாம். மேலே, அதிகாரிகளின் வரிசையில், இரண்டாம் லெப்டினன்டுகளுக்கு நடுவே பார்க்க வேண்டும்.